சோற்றுக்குக் கேட்காத சான்றிதழ் கூரைக்கு மட்டும் எதற்கு?

அவலூர்பேட்டைச் சந்தைக்கும் சென்னை நடைபாதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

செஞ்சியிலும் அவலூர்பேட்டையிலும் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை மூட்டையாகக் குவிகிறது. அது அரிசியாகி நகரங்களுக்குப் போகிறது. அந்த நெல்லை நட்டு, அறுத்து, தூற்றி, மூட்டை சுமந்த குடும்பங்களில் பல, ஏரியும் கிணறும் வற்றிய மாதங்களில் அதே நகரங்களுக்குக் கூலி வேலை தேடிப் போகின்றன. பத்து மாடிக் கட்டடத்துக்குச் செங்கல் சுமப்பவர் இரவில் மணல் குவியலின் மேல் படுக்கிறார். வீட்டில் ஒருவருக்கு நோய் முற்றினால் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். நோயாளிக்கு உள்ளே கட்டில் கிடைக்கிறது. கூடப் போனவர் வெளியே சுவரோரம் துண்டை விரிக்கிறார்.

எனவே நகரத்தின் பசியையும் வீடின்மையையும் 'பட்டணத்துக்காரர் பிரச்சினை' என்று சொல்லி நாம் ஒதுங்கிக் கொள்ள முடியாது. நடைபாதையில் படுத்திருப்பவர் யாரோ அல்லர். நேற்றுவரை நம் தெருவில் இருந்தவர்.

இந்த இரண்டு துன்பங்களில் ஒன்றான பசியைத் தமிழகம் பெருமளவு அடக்கியிருக்கிறது. இன்னொன்றின் முன்னே திணறி நிற்கிறது. அதே அரசு, அதே மாநகராட்சி, அதே அதிகாரிகள்தாம். ஒன்றில் வென்றவர்கள் மற்றொன்றில் ஏன் வெல்லவில்லை? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பசிக்கும் பரீட்சை!

1780ல் ஹைதர் அலியின் படைகள் ஆற்காட்டு நவாபின் பகுதிக்குள் புகுந்தன. அந்த ஆண்டே செஞ்சிக் கோட்டையும் அவர் வசமானது. போரும் பஞ்சமும் சேர்ந்து விரட்ட, கிராம மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்னைக்கு ஓடினர். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காகக் கோட்டைக்கு வடக்கே ஒரு கஞ்சித் தொட்டி ஏற்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரமாயிற்று. அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைப்பதன் காரணம் இதுதான். ஒரு பெருநகரத்தின் பெரிய மருத்துவமனையே நம் முன்னோர் போன்ற பசித்த கிராமத்தாருக்கு ஊற்றிய கஞ்சியிலிருந்து தொடங்கியிருக்கிறது!

ஆனால் நூறாண்டு கழித்து வந்த தாது வருடப் பஞ்சத்தில் வெள்ளைக்கார அரசின் மனம் வேறாக இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் மண் சுமந்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதோடு கொஞ்சம் சில்லறை. வீட்டிலிருந்து தொலைவில் உள்ள முகாமுக்கு வந்து உழைத்துக் காட்டினால்தான் அதுவும் கிடைக்கும். உண்மையாகவே பசிக்கிறதா என்பதற்கு அது பரீட்சையாம்! இந்தக் கூலியில் உயிர் தரிக்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் போராடிய பிறகே சற்று உயர்த்தினார்கள். சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது.

அதே காலத்தில் நமது பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே வேறொரு வழியும் இருந்தது. 1867ல் வடலூரில் இராமலிங்க அடிகள் தருமசாலையைத் தொடங்கினார். வந்தவர் எந்தச் சாதி, எந்த மதம், உழைத்தாரா, உழைக்கவில்லையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பசித்தவருக்குச் சோறு, அவ்வளவுதான். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

ஆக, வழிகள் இரண்டு. 'நீ தகுதியானவன்தானா, நிரூபி' என்பது ஒன்று. 'பசிக்கிறதா, உட்கார்' என்பது மற்றொன்று. தமிழகம் உணவில் இரண்டாவது வழியைப் பிடித்தது. வென்றது.

கேள்வி கேட்காத சோறு

1920ல் நீதிக்கட்சியின் தியாகராயச் செட்டியார் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. தொழுகையிடம் ஒன்றில் ஏற்றிய விளக்குகளால் பெயர் பெற்ற வட்டாரத்தில்தான் இந்த விளக்கும் ஏற்றப்பட்டது. கல்விக்கான பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாமா என்று வெள்ளையர் அரசு தடை போட்டதால் சில ஆண்டுகளில் அது நின்றது. 1956ல் காமராஜர் அதை மாநிலம் முழுதும் கொண்டு சென்றார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க.ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கி வைத்தார். ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின. அடுப்பை மட்டும் யாரும் அணைக்கத் துணியவில்லை.

ரேஷனிலும் இதே கதைதான். 1997ல் மத்திய அரசு 'வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு மட்டும்' என்று வடிகட்டச் சொன்னது. தமிழகம் மறுத்தது. எல்லோருக்கும் பொது என்ற முறையைக் காத்தது. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த பிறகும் அதை விடவில்லை.

எல்லோருக்கும் எதற்கு, ஏழைக்கு மட்டும் போதாதா என்று பொருளாதார மேதைகள் கேட்கிறார்கள். நியாயம் போலத் தெரியும். ஆனால் வடிகட்டியில் முதலில் சிக்கி வெளியே விழுபவன் யார்? எழுதப் படிக்கத் தெரியாதவன். கிராம அலுவலரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவன். கையில் எந்தத் தாளும் இல்லாதவன். அதாவது மிகமிக ஏழை! மேலும், ஏழைக்கு மட்டும் திறக்கும் கடையில் புழுத்த அரிசி போட்டால் கேட்க ஆளில்லை. வாத்தியாரும் வியாபாரியும் வரிசையில் நின்றால் அங்கே குரல் எழும்.

2013 பிப்ரவரி 19 அன்று ஜெயலலிதா திறந்து வைத்த அம்மா உணவகம் இந்த வழியின் அடுத்த படி. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ரேஷன் அட்டை பெற முகவரி வேண்டும். நடைபாதைவாசிக்கு ஏது முகவரி? அவருக்கும் கதவு திறந்தது. சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். ஆட்டோ ஓட்டுநரும் அலுவலக ஊழியரும் மூட்டை தூக்குபவரும் ஒரே மேசையில் நின்று சாப்பிடும் இடம் அது. 2020 ஊரடங்கில் நகரமே அடைபட்டபோது சென்னையில் அங்கே இலவசமாகவே உணவு வழங்கினார்கள். ஆட்சி மாறிய 2021ல் சென்னையில் ஓர் உணவகத்தின் பலகையைச் சிலர் உடைத்தபோது அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னவர் புதிய முதலமைச்சரே. 2024 ஜூலையில் இந்த உணவகங்களைச் சீரமைக்க 21 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

மாநகராட்சிக்கு இதில் நட்டம் என்று ஒரு கூப்பாடு அடிக்கடி எழும். தெருவிளக்கில் இலாபம் வருகிறதா? சாக்கடைக் கால்வாயில் இலாபம் வருகிறதா? பசியாற்றுவதை மட்டும் ஏன் கடைக் கணக்கில் எழுத வேண்டும்?

இது நம் ஊருக்கு மட்டுமே தோன்றிய யோசனையும் அல்ல. பிரேசில் நாட்டின் பெலோ ஹொரிசோந்தே நகரில் 1993ல் மேயர் பத்ருஸ் அனானியாஸ், உணவு பெறுவது குடிமக்களின் உரிமை என்று அறிவித்துத் தனித் துறையே ஏற்படுத்தினார். அங்குள்ள மக்கள் உணவகங்களில் யாரும் உட்கார்ந்து மலிவு விலையில் சாப்பிடலாம். ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பத்தாண்டு கழித்து அந்த நாடே அந்த நகரத்தைப் பார்த்துப் பாடம் கற்றது.

கூரை என்றதும் மாறும் முகம்

இவ்வளவு செய்த நாடு, வயிறு நிறைந்தவன் எங்கே தலை சாய்ப்பான் என்று வந்ததும் பழைய பரீட்சைக்குத் திரும்பி விடுகிறது.

1981ல் மும்பையில் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த மாநில அரசு கிளம்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985ல் ஓல்கா டெலிஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. வரலாற்றுச் சிறப்புள்ள தீர்ப்புதான். ஆனால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மாற்று இடம் யாருக்கு? 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு! மறுபடியும் அதே அட்டை, அதே தாள்.

2001ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உணவு உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தை நாடியது. அரசுக் கிடங்குகளில் கோடிக்கணக்கான டன் தானியம் தேங்கிக் கிடக்க, மக்கள் பட்டினி கிடந்த நேரம் அது. அந்த வழக்கின் தொடர்ச்சியில்தான் 2010ல், டெல்லிக் குளிரில் வீடற்றவர்கள் மாண்ட நிலையில், பெருநகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு தங்கும் விடுதி வேண்டும். அது ஆண்டு முழுதும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி விரிவான சென்னை மாநகராட்சியின் மக்கள் தொகை சுமார் 67 இலட்சம். அந்தக் கணக்குக்கே 67 விடுதிகள் வேண்டும். நகரம் அதற்குப் பிறகு இன்னும் பெருத்திருக்கிறது. நாடு முழுதும் வீடற்றவர்கள் 17 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் என்று அதே கணக்கெடுப்பு சொன்னது. இரவில் ஒரு முறை நடந்து பார்த்து எண்ணிய எண்ணிக்கை அது. கடைத் திண்ணையின் இருட்டில் படுத்தவரை எண்ணியிருப்பார்களா?

சென்னை மாநகராட்சி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டடம் கொடுத்து, தொண்டு நிறுவனங்கள் மூலம் ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியவர்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு என்று விடுதிகளை நடத்துகிறது. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியின் துணைக்கு வந்தவர்கள் தங்கவும் விடுதிகள் அமைத்தது. இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் ஆண் ஒரு விடுதி, பெண் ஒரு விடுதி என்று பிரித்தால் குடும்பமாகத் தெருவில் வாழ்பவர் எங்கே போவார்? கணவனை ஓரிடத்திலும் மனைவி பிள்ளைகளை வேறிடத்திலும் விட்டுப் பிரிவதைவிட, நடைபாதையில் ஒன்றாகக் கிடப்பதே மேல் என்றுதானே நினைப்பார்கள்?

வீடு கட்டிக் கொடுத்த கதையும் உண்டு. 1970ல் கலைஞர் குடிசை மாற்று வாரியம் அமைத்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டுவது முதன்மையான வழியாக இருந்தது. பிழைப்பும் பள்ளியும் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தன. பின்னர் நகர நிலம் தங்கமாக விலை ஏறியது. 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளை நகரத்துக்கு வெளியே கொண்டு போய்க் குவித்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். மீன் விற்றவருக்கு மீன்பிடித் துறைமுகம் எட்டாத தூரமாயிற்று. வீட்டு வேலை செய்த பெண் பேருந்துக் கட்டணத்துக்கே சம்பளத்தில் பாதியைக் கொடுத்தார். பிள்ளைகள் நடுவாண்டில் பள்ளியை இழந்தனர். 2021ல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். பெயர் அழகு! வாழ்விடம் என்றால் நான்கு சுவர் மட்டுமா? பிழைப்பும் சேர்ந்ததுதானே வாழ்விடம்? பிழைப்பில்லாத இடத்தில் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, மனிதன் மீண்டும் பழைய நடைபாதைக்கே வருவான்.

'கேட்காமல் கொடு' என்ற வழி கூரைக்கும் பொருந்துமா? பின்லாந்து அதைச் செய்து காட்டியது. 2008 முதல் அங்கே 'முதலில் வீடு' என்ற கொள்கை. குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்ற பழைய நிபந்தனையைத் தூக்கி எறிந்தார்கள். முதலில் சாவியைக் கொடுத்தார்கள். மற்றவற்றை அதன் பிறகு பார்த்தார்கள். பெரிய இரவு விடுதிகளைத் தனித்தனி வீடுகளாக மாற்றினார்கள். 1987ல் 18 ஆயிரத்துக்கும் மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023ல் சுமார் 3,400 ஆனது. நிதியை வெட்டத் தொடங்கியதும் 2024ல் அது மீண்டும் கூடியது. கொடுத்தால் குறைகிறது, நிறுத்தினால் ஏறுகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பணக்கார நாடு, சின்ன நாடு என்று சொல்லித் தப்ப முடியாது. 1920ல் சென்னை பணக்கார நகரமா? 1956ல் தமிழகம் பணக்கார மாநிலமா?

நம் பங்கு என்ன?

அரசைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

வீடு வாடகைக்கு என்று பலகை தொங்கும். போய்ப் பெயரைச் சொன்னதும் 'இப்போதுதான் ஒருவர் முன்பணம் கொடுத்தார்' என்பார்கள். இந்த அனுபவம் நம் சமுதாய இளைஞர்களுக்குப் புதிதல்ல. தலித் குடும்பங்களும் தனியாக வாழும் பெண்களும் இதே பதிலைக் கேட்கிறார்கள். கையில் வாடகைப் பணம் இருந்தும் கூரை கிடைக்காத நிலை இது. நமக்கு வலிக்கிறது. அதே வேளையில், நம் கட்டடங்களின் வாசலில் யாருக்கு இடமில்லை என்று நாம் சொல்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் உணவை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சமைத்துக் கொண்டு வந்து பரிமாறுபவர்கள் யார் தெரியுமா? மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துச் சகோதரர்கள். அதை நிறுவிய தாதா ரத்தன்சந்த், பிரிவினையின்போது சிந்து மண்ணில் வீட்டை இழந்து அகதியாக வந்தவர். வீடிழந்தவருக்கே அடுத்தவரின் பசி தெரிந்தது. 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் சாதி மதம் பாராமல் மக்களுக்குக் கதவைத் திறந்தன. பேரிடர் நாளில் திறந்த கதவை மழைக்கால இரவுகளிலும் திறந்தால் என்ன? பயணிகளுக்காக முசாபர்கானாவும் சராயும் கட்டிய சமுதாயம் நாம். வக்பு நிலங்களில் கடை கட்டி வாடகை வாங்குவதோடு, மருத்துவமனைகளுக்கு அருகே உள்ள இடங்களில் ஒரு தங்கும் கூடம் கட்டலாம். ஜகாத்தைச் சில்லறையாக வாசலில் விநியோகிப்பதற்குப் பதில், ஒரு ஊருக்கு ஒரு குடும்பத்தின் வாடகை முன்பணத்தைக் கொடுத்துத் தெருவிலிருந்து தூக்கி விடலாம்.

ஊரிலேயே தொடங்கும் விடை

நகர வீடின்மைக்கு வேர் கிராமத்தில் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் முதலில் தொடங்கியபோது விழுப்புரமும் திருவண்ணாமலையும் அதில் இருந்தன. ஏன்? வறட்சியும் இடப்பெயர்வும் இங்கே அவ்வளவு கடுமை. நூறு நாள் வேலை பலரை ஊரிலேயே நிறுத்தியது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டம் நிறைவேறியது. நாள் 125 என்று ஏட்டில் கூடியது. செலவில் 40 விழுக்காடு மாநிலங்களின் தலையில் ஏறியது. ஏட்டில் உள்ள நாள் கையில் கூலியாக வராவிட்டால், அடுத்த பேருந்தில் ஒரு குடும்பம் கோயம்பேட்டுக்குக் கிளம்பும். அங்கே இறங்கியதும் அது வீடற்ற குடும்பம்.

எனவே நாம் வற்புறுத்துவது இதுதான்.

உச்ச நீதிமன்றம் 2010ல் வகுத்த அளவுப்படி எல்லாப் பெருநகரங்களிலும் விடுதிகள் வேண்டும். அவற்றில் குடும்பங்கள் பிரியாமல் தங்க இடம் வேண்டும்.

முண்டியம்பாக்கம் முதல் சென்னை வரை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் துணைக்கு வந்தவர்கள் தங்கப் போதிய கூடங்கள் வேண்டும்.

விடுதியின் முகவரியை ரேஷன் அட்டைக்குரிய முகவரியாக ஏற்க வேண்டும். நடைபாதைவாசியை வாக்காளராகச் சேர்க்க முகவரிச் சான்று கேட்காமல், இரவில் அலுவலர் வந்து அவர் அங்கே படுக்கிறாரா என்று பார்ப்பதே தேர்தல் ஆணையத்தின் நெடுநாளைய நடைமுறை. ஓட்டுக்குப் போதுமான சான்று அரிசிக்குப் போதாதா?

அகற்றப்படும் மக்களுக்குப் பிழைப்பு இருக்கும் இடத்துக்கு அருகிலேயே வீடு வேண்டும்.

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமக்குப் பெருமை. கோட்டைக்குள் போகிறவர்கள் அங்குள்ள நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். மொகலாயப் படை எட்டாண்டுக் காலம் முற்றுகையிட்ட கோட்டை அது. உள்ளே இருப்பவர் பட்டினி கிடந்தால் மதில் எவ்வளவு உயரமானாலும் பயனில்லை என்று அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று மதிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்குக் களஞ்சியமும் இருந்தது, கூரையும் இருந்தது.

இன்றைய ஆட்சியாளர்கள் களஞ்சியத்தைத் திறந்தார்கள். நன்றி. கூரையை எப்போது திறப்பார்கள்?